பத்திரிகையில் என்ன பதவி போடுவது? காளையார்கோவிலில் ஓர் அரைநாள்

வழக்கமாகக் கோயிலுக்கென்று கிளம்புவேன், போன இடத்தில் தெரிந்தவர்களைப் பார்த்து வருவேன். போன சனிக்கிழமை எல்லாம் தலைகீழ். மகள் தேன்மொழியின் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் காளையார்கோவில் போனேன். காளீஸ்வரரைப் பார்த்தது அதற்குப் பிறகு.

விஷயம் இதுதான். தேன்மொழி சென்னையில் ஒரு நடுத்தர கம்பெனியில் மேனேஜராக இருந்தாள். நிச்சயம் முடிந்த பிறகு பெரிய கம்பெனிக்கு மாறினாள். அங்கே அவள் பதவி ‘இன்ஜினியர் 3’. கல்யாணப் பத்திரிகைக்கு விவரம் கேட்ட மாப்பிள்ளையின் அப்பாவிடம் அதைச் சொன்னோம். அவர் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“எங்க ஆபீஸ்ல ஒருத்தரக் கீழ எறக்குனா, தப்புப் பண்ணி மெமோ வாங்கிருக்காருன்னு அர்த்தம். பொண்ணு என்ன செஞ்சுச்சு?” என்றார் போனில்.

சம்பளம் கூடத்தான் என்றேன். “கூடக் குடுத்து யாரும்மா கீழ எறக்குவா?” என்றவர், அச்சடிக்க வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லிவிட்டார். தேன்மொழியோ, நம்பாதவர்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது என்று முறுக்கிக்கொண்டாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். ரயில் டிக்கெட், மின்கட்டணம் எல்லாம் போனில் நானாகவே பழகிக்கொண்டதுதான். அப்படித் தேடியதில், கம்பெனிகளின் பதவிகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு வலைத்தளம் கிடைத்தது. கம்பெனிப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றின் பதவிகளும் கீழிருந்து மேலாகக் கட்டம் கட்டமாக, ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சாத்திவைத்த மாதிரி வரும். இங்கே இந்தப் பதவி, அங்கே எதற்கு நேர் என்று கண்ணாலேயே பார்க்கலாம். பழைய மேனேஜரை விட இன்ஜினியர் 3 ஒரு விரற்கடை மேலேயே நின்றது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வைஸ் பிரசிடென்ட். அந்த வங்கியையும் போட்டுப் பார்த்தேன். அவர் கட்டம் தேன்மொழியின் கட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. இதை அங்கே காட்டவே கூடாது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரருக்குப் புதுவயல் மில்லில் லீவு இல்லை. தனியாகத்தான் கிளம்பினேன். காரைக்குடியில் இருந்து கல்லல் வழியாக நாற்பது கிலோமீட்டர் சுமார். வாடகைக் கார், காத்திருப்போடு போய்வர 1,900 ரூபாய். காலை எட்டேகாலுக்கு ஏறினேன். “யாரு வீட்டுக்குப் போறீக?” என்றார் டிரைவர். “தெரிஞ்சவுக வீடு” என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் போய்விட்டோம். “வாங்க மதினி, வெயில்ல வந்திருக்கீக” என்று மாப்பிள்ளையின் அம்மா காபி கொண்டுவந்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார்.

“இது யாரு போட்டது? அரசாணையா?”

“அங்கங்க வேலை பாக்குறவுக எழுதி அனுப்புறது. ஏறக்குறையத்தான் சரியா இருக்கும்.”

விரலைக் குறுக்கே இழுத்து இரண்டு மூன்று தடவை பார்த்தார். “அப்ப எறக்கல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “எங்க பயலோட பேங்கையும் போடுங்க” என்றார்.

“அது எதுக்குங்க, பேங்க் கணக்கெல்லாம் வேற மாதிரி” என்று இழுத்தேன்.

“போடுங்கம்மா.”

போட்டேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வைஸ் பிரசிடென்டுக்கு மேல பிரசிடென்ட் ஒருத்தர்தான்னு நெனச்சேன். இங்க இம்புட்டுக் கட்டம் இருக்கு?”

வாசற்படியில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இதத்தான் ஊரு பூராம் சொல்லித் திரிஞ்சீக. பஞ்சாயத்துப் பிரசிடென்டு எந்திரிச்சு நாற்காலி வேற குடுத்தாரு. இப்ப என்ன செய்வீக?”

“குடுத்த நாற்காலியத் திருப்பியா கேக்கப் போறாரு?” என்றார் அவர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனை என்னிடம் நீட்டி, “ரெண்டு பேருக்கும் படிப்ப மட்டும் போடுங்க, போதும். பதவி வேணாம். இன்னைக்கே அச்சுக்குக் குடுத்துருங்க” என்றார்.

அப்போதுதான் காபியைக் கையில் எடுத்தேன். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

மற்ற கல்யாண ஏற்பாடுகளையும் பேசிவிட்டுக் கிளம்பப் பதினொன்றரை ஆகிவிட்டது. நடை சாத்துவதற்குள் கோயிலுக்கு ஓடினேன். மூன்று சிவன் சன்னதிகள், நிதானமாகச் சுற்ற ஒரு மணி நேரம் வேண்டும். எனக்கு அரைமணிதான் கிடைத்தது. கேட்பதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை, சும்மா கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

காரில் அவர்கள் தந்த முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்து, “தெரிஞ்சவுக வீட்டுல இம்புட்டா குடுப்பாக?” என்றார் டிரைவர். “சம்பந்தி வீடு” என்றேன்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. அந்தத் தளத்தின் கட்டங்களைப் படமெடுத்து முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள், வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அந்தத் தளத்தில் சம்பளமும் இருக்கும், அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். பெயரை மட்டும் வைத்துப் பதவியை எடை போட வேண்டாம். அந்தக் கட்டங்களையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள்.

பத்திரிகை வந்துவிட்டது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே எம்.சி.ஏ., தேன்மொழி பெயருக்குக் கீழே பி.இ. முதல் பத்திரிகையைக் காளீஸ்வரர் சன்னதியில் வைக்க, வீட்டுக்காரரும் நானும் நேற்று மறுபடி போய்வந்தோம். இந்தத் தடவை அவசரம் ஒன்றுமில்லை, பஸ்ஸில்தான் போனோம்.