பொம்மருக்கு வழி சொன்னேன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, எப்போதும் கோணல்தான். இந்த வாரம் இன்னும் கோணலாக இருக்கும். நினைவும் நழுவுகிறது. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து பல்கனிக்குப் போகிறேன், திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை நான் ஒரு ரயில் நிலையத்துக்குக் குண்டு போட்டேன்.

பயப்படாதீர்கள். கொம்பியூட்டரில்தான்.

என் தம்பி பாலனைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் முறைப்பாடு சொல்லாத மாதம் குறைவு. போன வருடம் அவனுக்குப் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கையோடு பேச்சும் நின்றுபோனது. "நாக்குக்கு ஒன்றுமில்லை, மனம்தான்" என்றார் டொக்டர். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பேசாவிட்டால் வீடு எப்படியிருக்கும்? கடற்கரையோரம் ரயில் போகிற சத்தம் மட்டும்தான்.

அவனைத் திரும்பப் பேச வைத்தது மருந்தில்லை. ஒரு விளையாட்டு. பழைய உலக யுத்தத்துப் பொம்மர்களை, அதாவது குண்டு போடுகிற விமானங்களை, ஓட்டுகிற விளையாட்டு. டொரோண்டோ, லண்டன், மெல்பேண் என்று சிதறிப்போன அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் சனிக்கிழமைகளில் கொம்பியூட்டரில் ஒன்றுசேர்ந்து, வரிசையாகப் பறந்து, குண்டு போட்டுவிட்டு வருகிறார்கள். எல்லோரும் பென்ஷன்காரர். எல்லோருக்கும் பிரஷர். ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் பொம்மர் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் முதலில் பாய்ந்தவர்களும் இவர்கள்தான்... மனிதருடைய ஆசை எந்தப் பக்கத்தால் வரும் என்று யார் கண்டது?

பாலனுடையது முன்னால் போகிற விமானம். அவன் குண்டை விட்டால்தான் பின்னால் வருகிறவர்களும் விடுவார்கள். ஆனால் இருக்கிற ஒரு கை விமானத்தை நேராகப் பிடிக்கவே சரி. மெப் பார்க்க, திசை பார்க்க, பட்டனை அமத்த இன்னொரு கை வேண்டுமே? அடுத்தடுத்து வழி தவறினான். கூட்டத்துக்குத் தலைவர் டொரோண்டோவில் இருக்கிற கணக்கு மாஸ்டர். ஸ்பீக்கரில் அவர் குரல் தணிவாக வந்தது.

"பாலன், ஒண்டும் நினையாதையும். அடுத்த முறையும் சரிவராட்டி நீர் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும். நான் முன்னுக்குப் போறன்."

ரெஸ்ட்! அந்தச் சொல்லோடு பாலன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தான். போன வருடம் படுத்த அதே படுக்கை.

"நான் வழி சொல்லட்டே?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டது நானா? தெரியாதவர்களோடு டெலிபோனில் ஹலோ சொல்லவே கூசுகிற நானா? இருந்தாலும் கேட்டாயிற்று. மெப்பை மேசையில் விரித்தோம். வழி சொல்லுதல் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டோக்காரருக்குச் சொல்வதுதான்.

"ஆத்தைப் பிடிச்சு நேர போ. ஒரு பாலம் வரும். அதில இடப்பக்கம் வெட்டு."

"டிகிரியில சொல்லுங்கோ அக்கா."

"டிகிரி எனக்கு விளங்காது. பாலம் விளங்கும்."

"இது ஓட்டோ இல்லை. வெட்டினவுடனை திரும்பாது. பாலம் வர முந்தியே சொல்லோணும்."

பாலம் வருவதற்கு முன்பே பாலத்தைப் பற்றி நினைக்கப் பழகினேன். ஆறு எங்கே வளைகிறது, தண்டவாளம் எங்கே பிரிகிறது, கோயில் கோபுரம் எந்தப் பக்கம் தெரிந்தால் நாங்கள் சரி... வெள்ளைக்காரருடைய ஊரில் கோபுரம் கூராக இருக்கிறது, அவ்வளவுதான். அதன்பிறகு திசைகாட்டி இலக்கமும் பிடிபட்டது. வழி தவறுவது நின்றது. பாலன் ஒருநாள் தேத்தண்ணி கேட்டுச் சத்தம் போட்டான். எவ்வளவு நல்ல சத்தம்!

பிறகு குண்டு போடுகிற பயிற்சி.

குறி வைத்த ரயில் ஸ்டேஷன் நெருங்கும்போது விமானத்தின் மூக்கில் இருக்கிற கண்ணாடி வழியாகக் கீழே பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஒரு கூட்டல் அடையாளம். அது ஸ்டேஷனைத் தொடும்போது பட்டன். விமானம் ஸ்டேஷனுக்கு நேர் மேலே வருகிற நேரம் இல்லை, அதற்கு எவ்வளவோ முன்பு. விட்ட குண்டு நேரே கீழே விழாது, முன்னால் ஓடிப்போய் விழும்.

இதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பங்கருக்குள் கிடந்தவர்களுக்குத் தெரியும். பொம்மர் தலைக்கு மேலே வந்துவிட்டால் மூச்சு விடலாம். அதன் குண்டு எங்களுக்கு இல்லை. தூரத்தில், முகத்துக்கு நேரே, பதிந்து, தாழ இறங்கி வரும்போதுதான் குலை நடுங்கும்.

பாலன் விமானத்தைப் பதித்தான். கூட்டல் அடையாளம் ஊர்ந்து ஊர்ந்து ஸ்டேஷனைத் தொட்டது. நான் பங்கருக்குள் பழகினபடி வாயைத் திறந்துகொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தேன்.

"அக்கா! பட்டனை அமத்துங்கோ!"

"பதியுதடா தம்பி!"

"நாங்கள்தான் அக்கா பதியிறம்!"

கையை எடுத்து அமத்தும்போது ஸ்டேஷன் காலுக்குக் கீழே போயிருந்தது. குண்டெல்லாம் அங்கால் வயலில். பாலன் முதலில் ஏசினான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏசாமல் இருந்தான். அதுதான் கூடுதலாக வலித்தது.

சனிக்கிழமை வந்தது. என் குரல் டொரோண்டோவுக்குக் கேட்கக்கூடாது என்று மைக்கைச் சேலைத் தலைப்பால் மூடினேன். அதையும் மீறிக் கேட்டிருக்கிறது.

"ஆர் பாலன் பக்கத்தில? பொம்பிளைக் குரலாக் கிடக்கு."

"என்ர அக்கா. என்ர நவிகேட்டர்" என்றான் பாலன், பெருமையாக.

ஆறு, பாலம், கூர்க்கோபுரம். எல்லாம் வந்தது. தூரத்தில் ஸ்டேஷன். இனி ஆடக்கூடாது, அசையக்கூடாது, ஒரே நேர்கோடு.

"கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன். "இன்னும் கொஞ்சம்... காணும், போதும். அப்பிடியே பிடி."

சொல்லும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு எங்கள் தலைக்கு மேலே வந்த விமானத்துக்குள்ளும் ஒருவர் இப்படித்தானே சொல்லியிருப்பார்? இதே தணிந்த குரலில். கோபமில்லாமல், கோணல் வராமல் கோடு கீறுகிற பிள்ளை மாதிரி. இத்தனை வருடமாக அந்த விமானத்துக்குள் ஓர் அசுரனை அல்லவா இருத்தி வைத்திருந்தேன்...

கூட்டல் அடையாளம் தண்டவாளத்தில் ஏறியது. அங்கேயே காதைப் பொத்தியிருப்பேன். ஆனால் பாலனுடைய இடது கையைப் பார்த்தேன். மடியில் செத்த மீன் மாதிரிக் கிடந்தது. நான் அமத்தாவிட்டால் அவன் இன்றைக்கே சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான்.

அமத்தினேன்.

சரியான இடம். பின்னால் வந்தவர்களுடையதும் ஒன்றன்பின் ஒன்றாக... ஸ்பீக்கர் வெடிக்கிற மாதிரிக் கூச்சல். "அக்கா, கோடு கீறின மாதிரி எல்லோ!" என்றார் மாஸ்டர். "பாலன், அக்காவை விட்டிடாதையும்!" பாலன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்வேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

அதோடு கொம்பியூட்டரை மூடியிருக்கலாம். பாலன் நடந்ததைத் திரும்பவும் போட்டுக் காட்டினான், இந்த முறை நிலத்திலிருந்து. ஸ்டேஷன் எரிகிறது. குண்டு வரிசையின் கடைசி ஒன்று ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடுகளில் விழுந்திருக்கிறது. எங்கள் பிளாட் எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். ஒரு வேலி. வேலிக்குள் கொடியில் வெள்ளைத் துணி.

"தம்பி, அந்த வீட்டுக்குள்ள ஆக்கள் இருக்கினமே?"

"அது படம் அக்கா. சும்மா பெட்டி."

"அப்ப உடுப்பை ஆர் காயப் போட்டது?"

"வடிவுக்குப் போட்டிருப்பான்."

வடிவுக்கு! அழகுக்காம்! அன்றிலிருந்துதான் இந்த நடை. பல்கனி, குசினி, பல்கனி. எங்கள் கொடியில் என்னுடைய சேலை காய்கிறது. எடுத்து உள்ளே போட்டேன். காயவில்லை என்று திரும்பவும் போட்டேன். மேலே இருந்து பார்க்கிறவருக்கு எல்லா வீடும் பெட்டிதான் போலிருக்கிறது. கீழே நின்று பார்க்கிறவருக்கு எல்லா விமானமும் அசுரன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த எனக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது.

பாலன் வரப்போகிற சனிக்கிழமைக்கு மெப் விரித்துவிட்டான். துறைமுகமாம். வாய் ஓயாமல் பேசுகிறான், பாட்டுக்கூடப் பாடுகிறான். மாட்டேன் என்று எப்படிச் சொல்ல?

வாசிக்கிறவர்களில் இந்த விளையாட்டு தெரிந்த பிள்ளைகள் இருப்பீர்கள். தயவுசெய்து ஒருக்கால் சரிபார்த்துச் சொல்லுங்கள்: அந்த வீடுகளுக்குள் ஆட்களை வைத்திருக்கிறார்களா, இல்லையா? இல்லை என்றால் சந்தோஷம், நான் வழி சொல்கிறேன். இருக்கிறார்கள் என்றால்... எனக்கு மட்டும் சொல்லுங்கள். பாலனுக்கு வேண்டாம்.