வெளுத்த மஞ்சக்கரு

வறீதின் பெண்சாதி அலேக்குட்டி முட்டை உடைக்கிறதே ஒரு தினுசு. சட்டியில் நேரே ஊற்றமாட்டாள். உள்ளங்கையில் ஊற்றி வெளிச்சத்தில் பார்ப்பாள். கருவின் நிறமே புருஷன் படும் பாட்டை அவளுக்குச் சொல்லிவிடும்.

அந்தக் காலத்துக் குட்டநாட்டில், அறுத்த வயல் தேடி வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வறீது மாதக்கணக்கில் போய்விடுவான். சிந்தின நெல்லும் நத்தையும் வாத்துக்கு. வாத்து போடுகிற முட்டை இவர்களுக்கு. நத்தை நிறையத் தின்றிருந்தால் கரு பழுத்த பாக்கு மாதிரி சிவந்திருக்கும்.

ஒரு பங்குனியில் வறீது கொடுத்தனுப்பிய முட்டைக் கூடையைப் படகுக்காரன் பாச்சு இறக்கினான்.

"தீனிக்குப் பஞ்சமே இல்லையாம் சேச்சி. வயிறு முட்ட சாப்பிடுறேன்னு சொல்லச் சொன்னாரு."

உடைத்தாள். கரு வெளுத்துக் கிடந்தது. இன்னொன்றும் அப்படியே. வயல் மேய்ந்த வாத்து இல்லை இது, வெறும் அரிசி தின்றது. அங்கே அரிசி ஏது? அவன் சாப்பாட்டுக்கு அவள் கட்டிக்கொடுத்ததுதான். அப்படியானால் அந்த மனுஷன் எதைத் தின்கிறான்?

கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு பாச்சுவின் படகிலேயே ஏறினாள். அறுப்பு தள்ளிப்போன ஒரு வயல் வரப்பில், கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தான் வறீது.

"யாருடி சொன்னா உனக்கு?"

"உங்க வாத்துதான். பொய் சொல்றவங்க முட்டையக் குடுத்தனுப்பக் கூடாது இச்சாயா."

அக்கரையில் குரியனின் வயல் அறுத்துக் கிடந்தது. அவர் அலேக்குட்டியின் அப்பனுக்குச் சித்தி மகன். இவர்கள் கல்யாணத்துக்கு அழைக்கவில்லையென்று பேச்சை விட்டவர். வறீது செத்தாலும் அவர் வாசல் மிதிக்கமாட்டான். அவள் போனாள்.

"கல்யாணத்துக்குத் தெரியாத உறவு வாத்துக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்றார் குரியன்.

"வாத்து தின்னுட்டுச் சும்மா போகாது சித்தப்பா. அது போடுற எச்சத்துல உங்க அடுத்த வெள்ளாமை நிமிந்து நிக்கும். ரோஷத்த நீங்களே வச்சுக்கங்க, வயல மட்டும் விடுங்க."

குரியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய் அப்படியே உன் பாட்டி, எங்க பெரியம்மா வாய். ஓட்டிட்டு வரச் சொல்லு."

அடுத்த கூடை வந்தபோது அவள் உள்ளங்கையில் பாக்குப் பழம் கிடந்தது. அன்றைக்குத்தான் அவளும் வயிறாரச் சாப்பிட்டாள்.

வறீது போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். இப்போது கடை முட்டைதான். அதையும் உள்ளங்கையில் ஊற்றித்தான் பார்க்கிறாள் அலேக்குட்டி.

"அம்மச்சி, சட்டி காயுது!" என்கிறாள் மருமகள்.

"வெளுத்திருக்குடி," என்கிறாள் இவள். "பாவம், எவனோ சாப்பிடாமக் கெடக்கான்."