கால்டு ஆஃப் என்றால்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான் ஒருத்திதான். அதுவும் ஐந்தாம் வகுப்பு. மாத்திரை அட்டையோ பேங்க் மெசேஜோ, எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அந்தத் திமிரோடுதான் அன்றைக்கும் போனை வாங்கினேன்.

பாம்பனிலிருந்து மீன்பிடிக்கப் போன மாமாவின் வள்ளம் பல நாளாகியும் திரும்பவில்லை. தினமும் எங்கள் ஓட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் தேடிப் பறக்கும். அன்று பகல் முழுக்க வரவே இல்லை. கச்சான் காற்று மட்டும் அடுக்களை ஜன்னல் வழியே புகுந்து, காலிக் குடங்களின் வாயில் ஊதியது. ஊம்... ஊம்... என்று வீடே முனகியது. கடலுக்குப் போன ஆள் கரையேறும்வரை எங்கள் வீட்டில் ஒரு பாத்திரத்தையும் கவிழ்க்க மாட்டார்கள். கவிழ்த்தால் வள்ளம் கவிழ்ந்த மாதிரி. அதனால் குடம், சட்டி, டம்ளர் எல்லாமே வாயைத் திறந்தபடி இருந்தன.

படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி.

"என்னத்தா போட்டிருக்கு? வாசி" என்றாள் மாமாவின் மனைவி, என் அத்தை.

எனக்குக் குஷி தாங்கவில்லை. போன வாரம்தான் மிஸ் நடத்தியிருந்தார். "தேடுறது கால்டு ஆஃப்னு போட்டிருக்கு அத்தை. கால்டு ஆஃப்னா வேணாம்னு நிறுத்திர்றது. மழ பேஞ்சா மேட்ச் கால்டு ஆஃப். மாப்பிள பிடிக்கலன்னா கல்யாணம் கால்டு ஆஃப். அப்பொறம்..."

"வாய மூடு" என்றார் அப்பா.

இரண்டு உதாரணம் சொல்லியும் யாரும் மெச்சவில்லை. அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். டங். ஒரு குடம் கவிழ்ந்தது. டங். இன்னொன்று. முனகல் ஒவ்வொன்றாக அடங்கியது. அத்தை பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் நிமிர்த்தினாள். முனகல் திரும்ப எழுந்தது. பாத்திரம் கழுவுவதில் சண்டை என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒங்க தம்பிய நீங்களே கடல்ல முக்குறீகளா மதினி?"

"நான் என்னத்தா செய்ய? அவுகளே நிறுத்திட்டாகளே."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, நிறுத்திட்டா, பெறகு திரும்ப ஆரம்பிக்கவே மாட்டாகளா?"

"அத மிஸ் இன்னும் நடத்தல அத்தை."

அவள் ஒரு குடத்தை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தாள். மற்றவற்றை அம்மா கவிழ்த்தபோது தடுக்கவில்லை. ஒற்றைக் குடம் முனகியது. அத்தை குனிந்து அதன் வாயில் காதை வைத்தாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மெல்லிய குரலில், "ம்... இங்கனதான் இருக்கேன். சொல்லுங்க" என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை நகர்ந்ததும் நான் ஓடிப்போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். போன் உள்ளே கிடக்கிறதோ என்று.

போன் என் கையில்தான் இருந்தது.