புல்தரைக்குப் பதித்த செங்கல் ஓரம்

தோட்டக்காரரை அந்த வீட்டில் எல்லோரும் ‘நூல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புல்தரையின் ஓரத்தை அப்படி வெட்டுவார், நூல் பிடித்த மாதிரி. இருபத்திரண்டு வருடமாக வாரம் தவறாமல் மண்டியிட்டு, கத்தரியும் கையுமாக ஊர்ந்து ஊர்ந்து வெட்டிய ஓரம். முழங்கால் தேயாமல் என்ன செய்யும்? உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வெளியே மூச்சு விடுவாரா? வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் பின்கட்டு அறையும் போய்விடும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

அதனால்தான் ஓரத்தில் எதையாவது பதித்துவிடலாம் என்று அவரே போய்ச் சொன்னார்.

“செலவு கம்மியா இருக்கணும். அடிக்கடி மாத்திக்கிட்டு இருக்க முடியாது, பாத்துக்கோ,” என்றார் அந்த அம்மா.

மனுஷர் கடைகடையாக ஏறி இறங்கினார். பிளாஸ்டிக் பட்டை வெயிலில் நொறுங்கிவிடும். மரக்கட்டையைக் கரையான் விடாது. இரும்புத் தகடு நல்லதுதான், விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டார். கடைசியில் செங்கல் சூளையில் அகப்பட்டது: அளவுக்கு மீறி வெந்து, கறுத்து, கோணிப்போன கல். சுவருக்கு ஆகாதென்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். இரண்டை எடுத்துத் தட்டினார், கணீரென்றது. வாளித் தண்ணீரில் நாள் முழுக்கப் போட்டுவைத்தும் அது ஊறவில்லை.

மருமகன் அதே வீட்டில் கார் ஓட்டுகிறவன். கல் இறக்கக் கை கொடுத்தான்.

“ஏன் மாமா தரையோட தரையா படுக்க வெக்கிறீங்க? நிமித்தி வெச்சா அழகா இருக்கும்ல?”

“புல் வெட்டுற மெஷினோட சக்கரம் கல்லு மேலயே ஓடும் மாப்பிள்ளை. ஓரத்தையும் அதுவே வெட்டிடும். கத்தரியே எடுக்க வேண்டாம்.”

அப்படியா என்று மருமகன் பதித்திருந்த வரைக்கும் மெஷினை ஆசையாக ஓட்டிப் பார்த்தான்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. வீட்டுக்கார அம்மா சுற்றிப் பார்த்து அசந்துபோனார். “எத்தனை வருஷம் தாங்கும்?”

பாவி மனுஷர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “இருபது வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்மா. யாராவது அரைமணி நேரம் மெஷினைத் தள்ளினா போதும்.”

“டிரைவரும் அதத்தான் சொன்னான். வாரத்துல ஒரு நாள் அவனே பாத்துக்கறானாம். உன் ரூமையும் கேட்டிருக்கான். மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோ, அவசரமில்ல.”

 அவர் நொண்டிக்கொண்டே பின்கட்டுக்கு வந்தால், அறைக்குள் மகள் அளவு நாடாவோடு நிற்கிறாள்.

“உனக்கும் தெரியுமா?”

“நாங்களும் எத்தனை நாள்தான் வாடகை வீட்டுல அல்லாடுறதுப்பா? ரூம் யாருக்கோ போறதுக்கு நமக்கே இருக்கட்டுமே.”

“உங்கம்மாவ எங்கடி கொண்டுபோவேன்?”

“இன்னும் பத்து நாள் இருக்குல்ல, பாத்துக்கலாம்.” மகள் கட்டில் பக்கம் திரும்பினாள். அதில் கிடந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “நீ எந்திரிக்க வேண்டாம்மா, கட்டிலோட நகத்திக்கறோம். செவுத்த அளக்கணும். அப்பா, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க.”