அந்த ஓரிரு இடங்கள்

என் கணவர் சாமியை நம்பியதைவிட வானொலியின் வானிலை அறிக்கையை அதிகம் நம்பினார். மாலைச் செய்தி முடிந்து அது தொடங்கினால் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும், ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யலாம் என்று சொல்வார்கள். அந்த ஓரிரு இடங்கள் எவை என்று சொல்ல மாட்டார்கள். ஊட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. கோயமுத்தூரில் புழுதி பறக்கிற நாளில்கூட எங்கள் கொடியில் துணி காயாது. "அந்த ஓரிரு இடம் நாமதானுங்க" என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

எழுபதுகளின் கடைசி அது. சிமெண்ட் பெர்மிட்டில் கிடைத்த காலம். அவருக்கு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பெர்ன்ஹில் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு, அதே தெருவின் மேட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பவிசுக்காகக் கட்டவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. மழைக்காலம் முழுக்க இழுப்பு. வாடகை வீட்டின் தகரக் கூரை ஒழுகி, சுவரெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. கணப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அவள் உடுப்புகளைக் காயவைப்பேன். போட்டுவிட்ட கொஞ்ச நேரத்தில் அவை மறுபடியும் சில்லிட்டுப் போகும். இந்த ஈரத்தில் குழந்தையை இன்னொரு குளிர்காலம் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேட்டு வீட்டில் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கான்கிரீட் தளம் போட்டாக வேண்டும்.

ஆவணிக் கடைசியில் ஒரு மாலை வானொலிக்கு எங்கள் மேல் இரக்கம் வந்தது. வரும் வாரம் முழுக்க வறண்ட வானிலை. அன்றைக்கு 'ஓரிரு இடங்கள்' கூட இல்லை. அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, ஏதோ பிரமோஷன் ஆர்டர் வந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

விடிந்து பார்த்தால் ஊரே அதைக் கேட்டிருந்தது. வேலியெல்லாம் கம்பளி, கூரையெல்லாம் மெத்தை, முறத்தில் வடகம். மலையில் வெயில் என்பது விருந்தாளி. வந்த அன்றே எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டிவிட வேண்டும். மேஸ்திரிக்கும் அந்த வாரம் ஏகக் கிராக்கி. அவர் வாசலிலேயே என் கணவர் பழியாகக் கிடந்து ஆளைப் பிடித்து வந்தார்.

மேட்டு வீட்டை ஒட்டி ஓர் அக்காவின் வீடு. அவருடைய வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அந்த வாரக் கடைசியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். ஆவணியில் அதுதான் கடைசி முகூர்த்தம், விட்டால் புரட்டாசி பிறந்துவிடும். தாலி கட்டுவது கோயிலில், சாப்பாடு வீட்டு முன்னால் பந்தலில். பந்தலுக்குத் தகரம் போடுவதா துணி போடுவதா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் சும்மா இருந்திருக்கலாம்.

"தகரம் எதுக்குங்க? துணியே போதுமுங்க. ரேடியோவுல தெளிவாச் சொல்லிட்டாங்க" என்றார். அவர்களும் துணிப் பந்தலே போட்டார்கள்.

தளம் நல்லபடியாக அமைந்தது. கீழே யூகலிப்டஸ் கம்புகளை வரிசையாக முட்டுக் கொடுத்து, சட்டி சட்டியாகக் கலவையைக் கைமாற்றி, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். போகும்போது மேஸ்திரி சொன்னார்: "மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க. காய உட்டீங்கன்னா வெடிப்பு உட்ரும். அப்புறம் ஒழுகறத நிறுத்தவே முடியாதுங்க."

மழை வேண்டாம் என்று நேர்ந்துகொண்ட எங்களுக்கு, தண்ணீர் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. தெருக்குழாயில் நூல் மாதிரித்தான் வந்தது. ஊரே கம்பளி துவைத்தால் வேறெப்படி வரும்? குழாயடியில் நான் போடாத சண்டை இல்லை. கிடைத்த இரண்டொரு குடத்தை மேலே கொண்டு போய் ஊற்றினால் மதியத்துக்குள் தளம் வெளுத்துப்போகும். வெடிப்பு விட்ட தளம், ஒழுகும் வீடு, மகளின் நெஞ்சில் அதே விசில் சத்தம்.

அக்கா வேலி வழியாகப் பார்த்திருக்கிறார். கல்யாணச் சமையலுக்கென்று பின்கட்டில் டிரம் டிரம்மாகப் பிடித்துவைத்திருந்த தண்ணீரில் ஒன்றை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

"உங்க கல்யாணத் தண்ணிங்க அக்கா" என்றேன்.

"பாப்பாவுக்கு இல்லாத தண்ணியா அம்மிணி? சோத்துக்கு நாங்க எங்காச்சும் புடிச்சுக்கறோம், போ."

அந்த டிரம்மும் எத்தனை நேரத்துக்கு வரும்? வெறும் தளத்தின் மேல் நின்று வானத்தைப் பார்த்தேன். காலமெல்லாம் மழையைத் திட்டித் தீர்த்த வாய், ஒரே ஒரு மழை கொடு என்று கெஞ்சியது. பக்கத்தில் துணிப் பந்தல் கட்டியிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

கல்யாணத்தன்று காலை பளிச்சென்று விடிந்தது. கோயிலில் தாலி ஏறி, எல்லாரும் திரும்பி வந்து, முதல் பந்திக்கு இலை போட்டு உப்பு வைத்திருந்தார்கள். பள்ளத்திலிருந்து பஞ்சுபோல மஞ்சு ஏறியது. பின்னாலேயே மழை வந்தது. தூறல் இல்லை, கொட்டிய மழை. துணி வயிறு தொங்கி, கிழிந்து, குளம் மாதிரி இலைகளின் மேல் கவிழ்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியது. என் கணவர் நனைந்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அது இவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததைப் போல.

"எல்லாரையும் நம்ம ஊட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் பாலே காய்ச்சலை. அதுக்குள்ள எப்புடிப் பந்தி போடறது?"

"மழை நாள் பாத்துட்டா வந்துச்சு?"

அவர் பந்தலுக்கு ஓடி எல்லாரையும் கூட்டி வந்தார். கதவில்லாத வாசல், பூசாத சுவர், மண்தரை. பாயை விரித்து, முட்டுக் கம்புகளுக்கு நடுவே இலை போட்டோம். மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஒரு கம்பு இடித்து நெற்றி புடைத்தது. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு கம்புக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்தார்கள். என் மகள் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து பாயசத்தை நக்கிக்கொண்டிருந்தாள். மேலே பாத்திகள் நிரம்பி வழிந்தன. வெடிப்புப் பயம் அன்றோடு தீர்ந்தது.

எனக்கு அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. சாம்பார் வாளியோடு அக்காவின் பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான்தானுங்க மழை கேட்டேன்."

அவர் அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நானுந்தான் கேட்டேன் அம்மிணி, பாப்பாவுக்காக. கல்யாணத்துக்கு மக்யா நாள் பெய்யட்டும்னு கேட்டேன். ஒரு நாள் முந்திக்கிச்சு, என்ன பண்றது. சாம்பாரு ஆறுது பாரு, ஊத்து."