ஓஸ்வால்டின் பாக்கிச் சிரிப்பு

எங்கள் பேட்டையான காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீடு எது என்று கேட்டால் மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். பொணம் ஓஸ்வால்ட் என்று கேட்டால் நேராக என் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை. மார்க்கெட்டில் மீன்காரம்மா, "பொணம் சார், வஞ்சிரம் வந்திருக்கு" என்று கூப்பிட்டால் கையை ஆட்டிவிட்டு வந்து வாங்கிக்கொண்டு போவார்.

முப்பத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதியே ரிடையர் ஆனவர். அந்த முப்பத்தாறு வருஷத்தைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 1984-ல் ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஒரு சினிமாவில் பிணமாகப் படுத்தார். கேட்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

படத்தின் பெயர் 'குளிர்ந்த கட்டில்'. டைரக்டர் உத்தமன் எடுத்த பேய்ப்படம். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, சினிமாக்காரர்கள் மேல் அதைவிடக் குறைவு. ஆனாலும் அந்தக் கடைசி ஷாட்டை நானும் மறக்கவில்லை. கட்டிலில் கிடக்கிற பிணம் மெல்லக் கண்ணைத் திறந்து, நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதோடு படம் முடிந்துவிடும். பதினோரு நாள் தூங்காமல் இருந்து அந்த ஷாட்டைக் கனவில் கண்டதாக உத்தமன் சாகும்வரை பேட்டி கொடுத்தார். தூங்காத மனுஷனுக்குக் கனவு எப்படி வந்தது என்று ஒரு நிருபரும் கேட்கவில்லை.

நடந்தது வேறு. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்து போவதற்கு முன்னால் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். நான் சாகவில்லை, நடித்தேன் என்று காட்டுவதற்காக. சிரிக்காமல் போனால் ஆகாதாம். உத்தமன் 'கட்' சொன்ன பிறகு மேனேஜர் சிரிக்கச் சொன்னார். ஓஸ்வால்ட் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எடிட்டருக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம், அந்தத் துண்டை வெட்ட மறந்துவிட்டார். கலை என்பது அவ்வளவுதான்.

இதை ஓஸ்வால்ட் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். "அது நடிப்பே இல்லப்பா" என்றுதான் ஆரம்பிப்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குப் பத்து வயசு குறைந்துவிடும்.

அவர் மனைவி ஆஞ்சலாவுக்கோ அந்தச் சிரிப்பில் ஒரு தீராத வழக்கு இருந்தது.

"அந்தச் சிரிப்புதான் படத்துக்குள்ள பூடுச்சே, ஸ்ரீகண்டன் சார். அப்ப சிரிச்சது பொணம். இவரு எங்க சிரிச்சாரு?"

முப்பது வருஷம் செக்ரடேரியட்டில் ஃபைல் பார்த்தவன் நான். எவ்வளவு யோசித்தும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகிற அம்மா அவர். யாராவது சகுனம், ராகுகாலம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த ஒன்றில் மட்டும் நாற்பது வருஷமாக அசையவில்லை. ஓஸ்வால்ட் மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால், மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்.

போன வருஷம் ஓஸ்வால்டுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தில் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். ஆஞ்சலா மாட்டேன் என்றார்.

"மயக்கம் குடுத்துக் கட்டில்ல படுக்க வெப்பாங்க. ஏற்கெனவே ஒரு கட்டில்லேர்ந்து இவரு இன்னும் எழுந்திருக்கல. முதல்ல அதுலேர்ந்து எழுந்திரிக்கட்டும்."

நான் என் போனை எடுத்து, இப்போதே சிரிக்கட்டும், படம் பிடிக்கிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். சினிமா கேமரா வேண்டுமாம், டைரக்டர் 'கட்' சொல்ல வேண்டுமாம், முறைப்படி செத்துக் கிடந்து எழ வேண்டுமாம். பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் தேஜஸ் வந்து சேர்ந்தான். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு டைரக்டர் ஆனவன். உத்தமனின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறானாம், 'குளிர்ந்த கட்டில்' உருவான கதை. உயிரோடு இருக்கிற பிணத்தைப் பார்த்துப் பேச வந்திருந்தான். ஓஸ்வால்ட் உற்சாகமாக, "அது நடிப்பே இல்லப்பா" என்று ஆரம்பித்து எடிட்டரின் ஜுரம் வரை வந்தார். தேஜஸின் முகம் சுருங்கிவிட்டது.

"அங்கிள், இது ஒரு ஜீனியஸோட கதை. எடிட்டருக்கு ஜுரம்னு காட்டினா படமே இல்ல. கனவு சீனுக்கு மழை செட் வேற போட்டாச்சு."

ஆஞ்சலா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் தேவையைச் சொன்னார். தேஜஸ் யோசித்தான். அங்கிளைக் கட்டிலில் படுக்க வைத்துச் சிரிக்க வைக்கிறேன், பதிலுக்கு அங்கிள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். உத்தமன் சொல்லிக்கொடுத்தபடிதான் சிரித்தேன், என் சிரிப்பைப் பற்றி இனி வேறு மாதிரி யாரிடமும் பேசமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது.

ஓஸ்வால்ட் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆஞ்சலா கையெழுத்துப் போடுவார். போட்டார்.

"இனிமே நான் என்னாத்த பேசுறது, ஸ்ரீ?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தேஜஸை அறைய வேண்டும் போல இருந்தது.

பழைய படம் எடுத்த பங்களாவை இடித்து எப்போதோ அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேறொரு அபார்ட்மெண்டின் கிளப் ஹவுஸுக்குள் அந்த பங்களாவை அட்டையில் கட்டியிருந்தான் தேஜஸ். நான்தான் காரில் இருவரையும் கூட்டிப்போனேன். பக்கத்து ஹாலில் பெண்கள் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் இளவயது ஓஸ்வால்டாக நடிக்கிற ஷெர்வின் பிணமாகப் படுத்துக் கண்ணைத் திறந்து சிரித்தான். கட். அது ஓஸ்வால்டுக்காகச் சிரித்தது, இப்போது உனக்காக ஒன்று சிரி என்றார் தேஜஸின் மேனேஜர். சிரித்தான். இதுதான் இயல்பாக இருக்கிறது, இதையே படத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றான் தேஜஸ். அப்படியானால் ஷெர்வின் கணக்குத் தீரவில்லை. மறுபடி சிரித்தான். அது இன்னும் நன்றாக இருந்தது. ஐந்தாவது சிரிப்பில் பையனுக்குக் குரல் நடுங்கிவிட்டது.

"பாஸ், ஒண்ணையாவது எனக்கு விடுங்க" என்றான்.

ஆறாவதைத் தேஜஸ் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தான். ஆஞ்சலா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஓஸ்வால்டைப் படுக்க வைத்தார்கள். மூக்கில் பஞ்சு, கட்டை விரல்களில் கட்டு. அவர் அப்படிக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. தேஜஸ் 'கட்' சொன்னான். உடனே கேமராக்காரரிடம் குனிந்து, "நிறுத்தாதீங்க, எடுத்துட்டே இருங்க" என்று கிசுகிசுத்தான். ஆஞ்சலாவுக்குப் பாம்புச் செவி.

எழுந்தார். விறுவிறுவென்று விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்துபோய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், மடியில் கைப்பை, காலில் பேரன் வாங்கி அனுப்பிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் ஷூ. கேமராவை நேராக முறைத்தார்.

"ஆன்ட்டி, நீங்க ஃபிரேம்ல இருக்கீங்க."

"தெரியும்பா. என்னையும் இந்த ஷூவையும் வெச்சுக்கிட்டு இந்தச் சிரிப்ப எம்பத்திநாலாம் வருஷக் கதைக்குள்ள எப்படி நுழைக்கிற, பாக்குறேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீங்க சிரிங்க."

ஓஸ்வால்ட் அவரைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மூக்குப் பஞ்சு தெறித்துப் போய் விழுந்தது. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி எழுந்து நிற்கும்வரை ஆஞ்சலா லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்து, அந்தக் கட்டிலிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது, மூவரும் போனோம். கொட்டுகிற மழையில் உத்தமன் கனவு கண்டு அலறி எழுந்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஓஸ்வால்ட் கையெழுத்துப் போட்ட மனுஷனாக வாயை மூடிக்கொண்டு பாப்கார்ன் தின்றார்.

படம் முடிந்தது என்று நினைத்து எழுந்தபோது திரையில் இன்னொரு ஷாட் வந்தது. கட்டிலில் ஒரு கிழப்பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. பக்கத்தில் கைப்பையோடு ஓர் அம்மா உட்கார்ந்து நம்மையே முறைக்கிறார். தியேட்டரே அலறியது. பிணத்தைப் பார்த்து இல்லை, அந்த அம்மாவைப் பார்த்து. நாற்பது வருஷமாக மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்த பயம் மொத்தமும் அந்த முகத்தில் இருந்தது. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு அதை நான் வேடிக்கையாக நினைத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது.

"அப்ப இந்தச் சிரிப்பும் படத்துக்குள்ள பூடுச்சா?" என்றார் ஆஞ்சலா, மெதுவாக.

ஓஸ்வால்ட் அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சில் தையல் போட்ட இடத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது அந்தக் கை.

பின் வரிசையில் ஒருவன், "யாருடா அந்த ஆன்ட்டி, என்னா நடிப்பு" என்றான்.

ஓஸ்வால்ட் நிமிர்ந்தார். தேஜஸ் கொடுத்த காகிதத்தில் ஆஞ்சலாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் முகம் மலர்ந்து பின்னால் திரும்பியது.

"அது நடிப்பே இல்லப்பா" என்று ஆரம்பித்தார்.