கூன்மலைக்கு ஜெகதீசன் போட்ட ரூட்

படாளத்துக்கு மேற்கே கூன்மலை என்று ஒன்று இருக்கிறது. மலை என்று சொல்வது அதன் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான். காரைமுள்ளும் களாச்செடியும் வழுக்குப்பாறையுமாக ஒரு பெரிய மேடு, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் வயசான ஆள் ஒருவர் எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுவதுபோலத் தெரியும். எதைத் தொலைத்தார் என்பது அருகில் போனால் விளங்கும். கிழக்குப் பக்கத்து விலாவை ஒரு கல்குவாரி வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மலைக்கு முதன்முதலில் ஒழுங்கான வழி கண்டுபிடித்தவர் ஜெகதீசன். சரித்திரம் இதைக் கவனிக்கத் தவறிவிட்டதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். மதுராந்தகத்துக்கும் மறைமலைநகருக்கும் நடுவில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஜிஎஸ்டி ரோட்டில் கண்டெய்னர் கவிழ்ந்து ஊரே நிற்கும்போது ஜெகதீசனின் பஸ் மட்டும் யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையை உரசிக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேரும். மனிதர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ரூட் தெரிந்தவர்கள், மற்றவர்கள்.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஜிஎஸ்டி ரோட்டில் நடந்தால் சர்க்கரை மட்டுமல்ல, மற்ற எல்லாமும் ஒரே நாளில் குறைந்துவிடும் என்று டிரைவருக்குத் தெரியாதா? அவர் கூன்மலையைப் பார்த்துத் திரும்பினார்.

முதல் நாள் முள்ளில் மாட்டி வேட்டியை விட்டுவிட்டு வந்தார். அடுத்த முறை வழுக்குப்பாறையில் உட்கார்ந்தபடியே இறங்கினார். அது அவராகத் தேர்ந்தெடுத்த முறை அல்ல. அப்புறம்தான் ஆடுகளைக் கவனித்தார். ஆடு நேராக ஏறுவதில்லை. ஏரிக்கரையிலிருந்து இடதுகைப் பக்கம் வளைந்து, களாப்புதரைச் சுற்றி, சுனைக்கு மேலே உள்ள சொரசொரப்பான பாறைவழியாக உச்சிக்குப் போகிறது. அவரும் போனார். மேலே நின்று பார்த்தால் கிழக்கே திருக்கழுக்குன்றம் மலையும், அதற்கு அப்பால் கடலா வானமா என்று சொல்ல முடியாத ஒரு கோடும் தெரிந்தன. அது கடல்தான் என்று ஜெகதீசன் முடிவு செய்தார். ரூட் கண்டுபிடித்தவருக்கு அந்த உரிமை உண்டு.

ஏறும்போது பார்த்த மலை இறங்கும்போது வேறு மலையாகத் தெரியும். அதனால் திருப்பத்துக்குத் திருப்பம் சில கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். அவர் கணக்கில் அவை பஸ் ஸ்டாப்பிங். மலை ஏறுகிறவர்கள் உலகம் முழுவதும் செய்கிற காரியம்தான். ஆனால் நம் பக்கத்தில் மலைமேல் அடுக்கிய கல்லுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது என்பதை அவர் மறந்துபோனார்.

எதிர்வீட்டு சந்திரம்மா களாக்காய் பறிக்கப் போனவர் அந்த அடுக்குகளைப் பார்த்தார். சொந்த வீடு வேண்டிக்கொண்டு யாரோ அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்திலேயே தானும் ஓர் அடுக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த மாதமே அவருடைய மகனுக்கு வீட்டுக்கடன் கிடைத்தது. விஷயம் படாளத்தைத் தாண்டியது. புரட்டாசி பிறந்ததும் சனிக்கிழமைதோறும் ஊர்கள் திரண்டு வந்தன. உச்சியில் ஜெகதீசன் வைத்த பெரிய அடுக்குக்கு நாமம் போட்டார்கள்.

"அது நான் வெச்ச கல்லு," என்றார் ஜெகதீசன் தன் மனைவி விஜயகுமாரியிடம். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளிலேயே குடியிருக்கும் பெண்மணி அவர். ஓனரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே குழாயை மூடிவிடுவார்.

"நீ வெச்சது வேற. சாமி உன் கையால வெக்க வெச்சது வேற."

"ரூட் தெரியறதுக்காக வெச்சேன்மே!"

"வூட்டுக்கு ரூட்டு போடத் துப்பில்ல. மலைக்குப் போட்டுகினு கீறாரு."

ஜெகதீசன் அன்றைக்கு நாஸ்தா சாப்பிடாமலே மலைக்குப் போனார்.

அடுக்குகள் பெருகின. பெருகியது தவறில்லை. ஆனால் வீடு என்றால் வாசல் கிழக்கே பார்த்திருக்க வேண்டும் என்பது நம் மக்களின் அசைக்க முடியாத கொள்கை. முன்னால் இன்னொருவர் வீடு மறைக்கவும் கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் முந்தைய அடுக்குக்குக் கொஞ்சம் கிழக்கே தள்ளித் தன் வீட்டைக் கட்டினார்கள். கூன்மலையின் உச்சியில் ஒரு நகர் கிழக்கு நோக்கி விரிவடைந்தது. கிழக்கே இருந்தது குவாரி.

முதலில் ஆடுகள் அந்தக் கிழக்கு ஓரத்துக்குப் போவதை நிறுத்தின. ஜெகதீசன் அதைக் கவனித்தார், காரணம் விளங்கவில்லை. பிறகு ஒரு மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தபோது சுனை காலியாக இருந்தது. கோடையிலும் தவளை கிடக்கும் சுனை அது. அடியில் கை வைத்துப் பார்த்தார். நூல் பிடித்ததுபோல ஒரு விரிசல், உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. மலை மூச்சு விடுகிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஜெகதீசனுக்கு அழகாகத் தோன்றவில்லை. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

முன்பு அவரோடு கம்பெனி பஸ் ஓட்டிய ஜான்சன் இப்போது குவாரியில் டிப்பர் ஓட்டுகிறார். டீக்கடையில் அவரைப் பிடித்துக் கேட்டார்.

"மச்சான், அந்தப் பக்கம் போவாத," என்றார் ஜான்சன், டீயைப் பார்த்துக்கொண்டே. "மேல நின்னு பாத்தா பாறை மாதிரி கீது. கீழ நின்னு பாக்கறவன் நான். அடியில ஒண்ணும் இல்ல. கேக்கு மேல க்ரீம் மட்டும் நிக்கிற மாதிரி நிக்குது."

"ஓனர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வுழுந்தா வெடி செலவு மிச்சம்னாரு."

ஜெகதீசன் ஊரில் சொன்னார். சாமி இருக்கிற மலை எப்படி விழும் என்று ஊர் கேட்டது. ஒரு மனு கொடுத்தார். அது தகுந்த ரூட் கிடைக்காமல் ஏதோ மேஜையில் நின்றுவிட்டது. கடைசியில் ஒரு நாள் தனியாக ஏறி, கிழக்கு ஓரத்து அடுக்குகளைக் கலைக்க ஆரம்பித்தார். சந்திரம்மா பார்த்துவிட்டார்.

"ஐயையோ, வூட்ட இடிக்கிறாரே! ஏண்ணா, உங்களுக்கு இல்லன்னா ஊருக்கே இருக்கக் கூடாதா?"

சாயங்காலத்துக்குள் ஊரில் அவர் ஆக்கிரமிப்பு அகற்றும் அதிகாரியாகிவிட்டார். கலைத்த அடுக்குகள் முன்னைவிட உயரமாக எழுந்தன. வீட்டில் விஜயகுமாரி பேச்சை நிறுத்திக்கொண்டார். சோறு மட்டும் வந்தது, அதுவும் தட்டு வைக்கும் சத்தத்தோடு.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு முதல் நாள் முழுக்க மழை. விடிந்தபோது கூன்மலையின் பாதியைக் காணோம். மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஜெகதீசன் எழுந்து பார்த்தால் விஜயகுமாரியையும் காணோம். வாசலில் கோலம் இருந்தது, செருப்பு இல்லை. அந்த நேரத்தில் ஜான்சன் போன் செய்தார்.

"மச்சான், காலையிலேர்ந்து கல்லு பேந்து வுழுந்துகினே கீது. டிப்பர எல்லாம் தள்ளி நிறுத்தச் சொல்லிட்டாங்க. மேல ஆளு யாரும் இல்லியே?"

டிப்பர்களைத் தள்ளி நிறுத்தும் அளவுக்கு முன்யோசனை உள்ள நிர்வாகம். மேலே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதன் கணக்கில் வரவில்லை.

ஜெகதீசன் ஓடினார். ஏரிக்கரை வரைக்கும் வழி தெரிந்தது. அதற்குமேல் மூடுபனி. கை நீட்டினால் கை தெரிந்தது, காலைப் பார்த்தால் கால் தெரியவில்லை. எங்கே திரும்பினாலும் கல்லடுக்கு. அவர் வைத்த ஸ்டாப்பிங் எது, ஊர் வைத்த வீடு எது என்று பிரிக்க முடியவில்லை. தான் போட்ட ரூட்டிலேயே ரூட் தெரியாமல் நின்றார். மேலேயிருந்து "கோவிந்தா" என்று சில குரல்கள் கேட்டன. கிழக்கேதான்.

குனிந்தார். தரையில் ஆட்டுப்புழுக்கை. கற்கள் பொய் சொல்லலாம், புழுக்கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. படாளத்தின் முதல் மலையேறி அன்று புழுக்கையைத் தடவிக்கொண்டே, கிட்டத்தட்ட நாலு காலில், உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

நாமம் போட்ட அடுக்கைச் சுற்றிப் பெண்கள் சிலர் கற்பூரம் ஏற்றத் தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை.

"விஜயா எங்க?"

சந்திரம்மா அவரோடு பேசக்கூடாது என்ற முடிவில் இருந்ததால் மோவாயால் மட்டும் காட்டினார்.

அங்கே, வெள்ளை மூட்டத்துக்குள், கடைசி அடுக்குக்கும் அப்பால், விஜயகுமாரி உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் முன்னால் மறைக்காத இடம். உச்சிக்கும் அவருக்கும் நடுவில் பாறையில் ஒரு கோடு ஓடியது. போன வாரம் அது இல்லை. மழைத்தண்ணீர் நாலாபக்கமிருந்தும் அந்தக் கோட்டுக்கு வந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் இறங்கியது.

"விஜயா, எழுந்து வா."

விஜயகுமாரி இன்னொரு கல் வைத்தார்.

"பாறை வுடுதுமே! வந்துரு!"

"இதையும் இடிக்க வந்துட்டியா? கிட்ட வந்த, தெரியும் சேதி."

அவர் கோட்டின்மேல் கால் வைக்கப் போனார். பாதத்துக்குக் கீழே ஏதோ அசைந்தது. இன்னொரு ஆளின் எடையை அந்தப் பாறை தாங்காது. கால் பின்னால் வந்துவிட்டது. கெஞ்சினால் வரமாட்டார், மிரட்டினால் இன்னும் தள்ளிப் போவார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த ரூட்டாவது தெரியாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சரி, நீ நிதானமா வா. ஓனரு வந்துகீறாரு. இன்னிக்கே காலி பண்ணணுமாம். பாத்திரத்த எல்லாம் வெளிய எடுத்து வெக்க ஆரம்பிச்சிட்டாரு."

"இன்னாது!"

விஜயகுமாரி கையிலிருந்த கல்லோடு எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். "என் பாத்திரத்து மேல கை வெக்கிறானா அவன்? யார்ரா அவன்?" என்று கேட்டபடியே அடுக்குகளை மிதித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி, கணவரையும் தாண்டி, இறங்குகிற பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

அவர் பின்னால் கற்கள் கிடுகிடுவென ஆடின. ஒவ்வொரு அடுக்கின் உச்சிக்கல்லும் குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோலத் தட்டிக்கொண்டது. பிறகு அந்த நகர் முழுவதும், கிழக்கு பார்த்த அத்தனை வாசல்களோடும், மூடுபனிக்குள் இறங்கியது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கீழேயிருந்து வந்தது.

கையில் கற்பூரத்தோடு பெண்கள் நின்றார்கள். விஜயகுமாரி திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப ஓனரு வரலியா?"

"வரல."

கையிலிருந்த கல்லை அவர் கீழே போடவில்லை.

இதோடு ஊர் மலையை விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அடுத்த சனிக்கிழமை கூட்டம் இரட்டிப்பானது. அத்தனை கல் விழுந்தும் ஒரு உயிர் போகவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட சாமி! புதிய ஓரம் இன்னும் தெளிவாகக் கிழக்கே பார்த்தது. அடுக்க ஆரம்பித்தார்கள்.

ஜெகதீசன் இப்போது புரட்டாசி, மார்கழி என்று பார்ப்பதில்லை. எல்லாச் சனிக்கிழமையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறி, ஓரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. போகிறவர்களை விஜயகுமாரி கவனித்துக்கொள்வார். அவர் வாய் இருக்கும்போது வேலி தேவையில்லை. அன்றைக்கு அவர் கையோடு கொண்டுவந்த கல் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு முட்டாக இருக்கிறது. பக்தர்கள் சிலர் இப்போது ஜெகதீசனின் காலடியிலும் கல் வைத்துக் கும்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் தடுத்துப் பார்த்தார், பலனில்லை. ஸ்டாப்பிங் போட்டவரே ஸ்டாப்பிங் ஆகிவிட்டார்.

கீழே டிப்பர்கள் பழையபடி ஓடுகின்றன. ஒவ்வொரு வாரமும் வந்ததும் அவர் முதலில் செய்வது பாறையில் காதை வைத்துக் கேட்பது. பிறகு எழுந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போடுவார். விஜயகுமாரி முட்டுக்கல்லை எடுத்து வந்து திரும்ப வைப்பார்.

போன சனிக்கிழமை இழுத்தபோது நாற்காலியின் முதுகு உச்சியில் நாமம் போட்ட அடுக்கில் இடித்து நின்றது.

"இன்னும் பின்னால போவியா?" என்றார் விஜயகுமாரி.

"இடம் இல்ல," என்றார் ஜெகதீசன்.